சங்கு ஊதும் முன்பே சொல்லிக் கொடுங்கள்!

எண்ணூர் பெரியகுப்பம் ஜனங்களுக்கு 2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு மறக்காது. கடலுக்கு அடியில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்தது. மூக்கைத் துளைத்தது நெடி. கண் எரிந்தது. மூச்சு திணறியது. நள்ளிரவில் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக் கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

விஷவாயு விபத்தில் முதல் பத்து நிமிஷம்தான் உயிர். தீயணைப்பு வண்டி மணி அடித்துக் கொண்டு வருவதற்குள் காற்று ஊருக்குள் புகுந்து விடும். அந்தப் பத்து நிமிஷமும் வாயுவின் எதிரில் நிற்பவர் யார்? ஷிப்டில் இருக்கும் தொழிலாளிதான்! வால்வை மூட வேண்டியவரும் அவர். சங்கு ஊத வேண்டியவரும் அவர். அவருக்கு வேலை தெரிந்தால் ஊர் பிழைக்கும். தெரியாவிட்டால் அவரே முதல் பலி.

போபாலில் நடந்தது என்ன? 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. அதற்கு முன்பே செலவைக் குறைக்கிறோம் என்று ஆளைக் குறைத்தார்கள், பயிற்சியையும் குறைத்தார்கள். ஊருக்குக் கேட்கும் சங்கைச் சில நிமிஷத்திலேயே நிறுத்தி விட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7-ந் தேதி விடியும் முன் ஸ்டைரின் வாயு கசிந்து 12 பேர் செத்தார்கள். அங்கே சங்கு ஊதவே இல்லை!

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ம் ஆண்டு விதிகளின்படி, ஆபத்தான ரசாயனத்தை அதிக அளவில் வைத்திருக்கும் தொழிற்சாலை 6 மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். ஊரையும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு ஒத்திகை நடக்க வேண்டும். ரசாயன டாங்கர் லாரி டிரைவருக்கு 3 நாள் பயிற்சி கட்டாயம்.

ஆனால் காலை 11 மணிக்கு, அதிகாரி வருகிற நாளில், போட்டோ பிடித்து டீ குடித்துக் கலைந்தால் அது ஒத்திகை ஆகுமா? மேலே சொன்ன மூன்று விபத்துமே இருட்டில் நடந்தவை. ராத்திரி ஷிப்டில், முன்கூட்டிச் சொல்லாமல் நடத்திப் பாருங்கள். நேற்று சேர்ந்த காண்டிராக்ட் கூலிக்கும், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சொல்லிக் கொடுப்பது மலையைப் புரட்டும் வேலை அல்ல. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் குறுக்கே விலக வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும். குளோரின் கனமான வாயு. பள்ளத்தில் பதுங்கக் கூடாது, மேட்டுக்குப் போக வேண்டும். கூட்டாளி விழுந்து விட்டாரே என்று முகமூடி இல்லாமல் உள்ளே பாய்ந்தால் ஒரு சாவு இரண்டாகும். அந்த முகமூடியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி, சாவியை மானேஜர் வீட்டுக்குக் கொண்டு போனால் யாருக்கு லாபம்?

இதற்கு ஆகும் செலவு முதலாளிகளுக்கு ஒரு பொருட்டல்ல. அரசு அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், ராத்திரி ஷிப்டுக்கு நேரில் போய் ஒரு தொழிலாளியை நிறுத்திக் கேட்கட்டும்: "இப்போது வாயு கசிந்தால் என்ன செய்வாய்?"

தொழிற்சாலையில் சரியான நேரத்தில் சங்கு ஊதத் தெரிந்தால், ஊருக்குச் சங்கு ஊத வேண்டி வராது!