பெட்டிக்கா இந்த விலை?

ஃபேர்சைல்டு 670 இல்லாமல் பழைய பாடல்களின் அந்த ஒலி வராது, ஆகவே பல பத்தாயிரம் டாலர் கொடுப்பது நியாயமே என்கிறார்கள். எஸ்தோனியாவில் பிறந்த பொறியாளர் ரைன் நார்மா 1950களின் இறுதியில் வடிவமைத்த கருவி அது. இசைத்தட்டு வெட்டும்போது ஒலி எகிறாமல் அடக்குவதே அதன் வேலை. 20 வால்வுகள், சுமார் 30 கிலோ எடை. மாயமெல்லாம் பிறகு சேர்ந்தது.

1966இல் பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலில் ரிங்கோவின் டிரம்ஸ் அப்படி அதிர்ந்ததில் 670இன் மோனோ வடிவமான ஃபேர்சைல்டு 660க்குப் பங்குண்டு, மறுப்பில்லை. ஆனால் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் பெரிய டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரையும் திணித்தார். ஸ்டுடியோ விதியை மீறி மைக்கை நெருக்கி வைத்தார். அந்த ஸ்வெட்டருக்கு யார் விலை பேசுகிறார்கள்?

பழைய பெட்டிகள் சொற்பம். அவற்றின் உயிரான 6386 வால்வின் பழைய சரக்கும் அருகிவருகிறது. வாங்குபவர் பணத்தில் பெரும்பங்கு போவது இந்தத் தட்டுப்பாட்டுக்குத்தான்.