சேர்த்துவைப்பது மட்டுமா கவுன்சிலிங்?

கணவன் மனைவிக்குள் கசப்பு முற்றும்போது நம் குடும்பங்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசுவார்கள். அதில் தீராவிட்டால் ஊர்ப் பெரியவரோ ஜமாத்தோ பங்குத்தந்தையோ நடுவில் வருவார்கள். அடுத்தது அனைத்து மகளிர் காவல் நிலையம். அதன் பிறகு வழக்கறிஞர், குடும்ப நல நீதிமன்றம். நீதிமன்றம் அனுப்பிவைக்கும்போதுதான் பலர் முதல்முறையாக ஒரு கவுன்சிலரின் எதிரில் உட்காருகிறார்கள். அதற்குள் இருவர் கையிலும் வழக்கு எண் இருக்கிறது. குழந்தை யாரிடம், நகை எங்கே என்ற கேள்விகள் மற்ற எல்லாப் பேச்சையும் விழுங்கியிருக்கின்றன. முதலில் தேடியிருக்க வேண்டிய உதவி கடைசியில் வந்து சேர்கிறது.

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் இந்த வரிசை மெல்ல மாறிவருகிறது. தனியாகத் தொழில் நடத்தும் உளவியல் ஆலோசகர்களிடம் தம்பதியராகவோ தனியாகவோ செல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வீடியோ அழைப்பின் வழியாகச் சிறு ஊர்களிலிருந்தும் பேசுகிறார்கள். இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், இந்த உதவி எதற்காக, அதைத் தருவதற்கு யாருக்குத் தகுதி உண்டு என்ற இரண்டு கேள்விகளுக்கும் நம் சமூகம் இன்னும் தெளிவான பதில் சொல்லவில்லை. முதல் கேள்விக்கு ‘எப்படியாவது சேர்த்துவைப்பதற்கு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

வீட்டுக்குள் இருக்கும் நெருக்கடி

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவற்றில் 31.7% மரணங்களுக்குக் குடும்பப் பிரச்சினைகள் காரணமாகப் பதிவாகியுள்ளன. திருமணம் சார்ந்த பிரச்சினைகள் தனித் தலைப்பில் மேலும் 4.8%. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. காவல் துறைப் பதிவு முழு உண்மையையும் சொல்லிவிடாது. என்றாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்கான நெருக்கடியில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 38% பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகத் தெரிவித்தார்கள். பெண் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னால் நிற்கும் மாநிலத்தின் எண் இது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்போ, மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 86% பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. சிகிச்சை பெறாத ஒவ்வொரு குடிநோயாளிக்கும் பின்னால் தூக்கம் தொலைத்த ஒரு மனைவியும், பயந்து வளரும் குழந்தைகளும், மருமகளைக் குற்றம் சொல்லியே ஆறுதல் தேடும் ஒரு தாயும் இருக்கக்கூடும்.

இவ்வளவு பெரிய சுமையைக் கூட்டுக் குடும்பம் ஒரு காலத்தில் தாங்கியது என்பார்கள். அது பாதி உண்மை. அத்தையும் மாமாவும் பல சண்டைகளை அணைத்தது நிஜம். ஆனால், அந்தப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் ‘நீதான் அனுசரித்துப் போக வேண்டும்’ என்ற தீர்ப்பே பெண்ணுக்குக் கிடைத்தது என்பதும் நிஜம். பேசுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பக்கத்துச் சொந்தம். அங்கே சொன்னது மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். நல்ல கவுன்சிலரிடம் கிடைக்க வேண்டியவை உறவினரால் தர முடியாத மூன்று: பக்கம் சாயாமை, பயிற்சி, ரகசியம்.

ஆலோசனை அறையில் நடப்பது என்ன?

தம்பதியர் ஆலோசனை என்றால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்லும் இடம் எனப் பலரும் நினைக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் முதல் செஷனிலேயே ஏமாந்துபோவதுண்டு. பொதுவாக, கவுன்சிலர் முதலில் இருவரையும் சேர்த்துச் சந்திப்பார். அடுத்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாழ்க்கை வரலாறு, உடல்நலம், குடி, அடி, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைக் கேட்டறிவார். அதன் பிறகே சேர்ந்து பேசும் அமர்வுகள் தொடங்கும்.

கணவன் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாய்க்கு அனுப்புவதால் மாதந்தோறும் சண்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு அனுப்பலாம் என்று கவுன்சிலர் தொகையை முடிவுசெய்ய மாட்டார். சண்டை எப்படித் தொடங்குகிறது, எந்தச் சொல்லில் சூடேறுகிறது, யார் எப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் போனை எடுக்கிறார் என்பதைக் கவனிப்பார். ‘என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே’ என்ற மனைவியின் வலியும், ‘பெற்றவளுக்குச் செய்வதற்குக்கூட அனுமதி வேண்டுமா’ என்ற கணவனின் குற்றவுணர்வும் பணத்தின் பெயரில் மோதிக்கொள்வதை இருவருக்கும் காட்டுவார். தொகை பற்றிய முடிவை அதன் பிறகு அவர்களே எடுப்பார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதியரின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்தவர். குணத்தைக் குத்திப் பேசுவது, இளக்காரம், எதற்கும் தற்காத்துக்கொள்வது, பேச்சுக்கே சுவர் எழுப்பிவிடுவது ஆகிய நான்கும் உறவை அரிக்கும் என்றார் அவர். இவற்றில் இளக்காரத்தையே மிகக் கொடியதாகக் கருதினார். ‘உங்க வீட்டு வளர்ப்பே அப்படித்தான்’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகளைக் கெடுத்திருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

இந்த முறைகள் பலன் தருமா? உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் தொடங்கிய ஆய்வு இதற்கு நேர்மையான பதில் தருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் நகரங்களில் நீண்ட காலமாகக் கடும் மனவேறுபாட்டில் இருந்த 134 தம்பதியருக்கு இருவகைத் தம்பதியர் சிகிச்சை அளித்து, முடிந்த பின் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய பாதிப் பேரின் உறவு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பிரிந்துவிட்டிருந்தார்கள். கவுன்சிலிங் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும், போய் என்ன ஆகப்போகிறது என்பதும் இரண்டுமே தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரிந்த அந்தத் தம்பதியரை மட்டும் வைத்து, சிகிச்சை தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தெளிவோடும், குழந்தைகளை ஆயுதமாக்காமலும் பிரிவதற்கு ஒரு தம்பதி கற்றுக்கொண்டால் அதுவும் ஆலோசனையின் பயன்தான். நம் சட்டம் இந்தப் புரிதலை நோக்கி நகர்ந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டமும் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் சமரச முயற்சியை நீதிமன்றத்தின் கடமையாக வைத்துள்ளன. அதேசமயம், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமல்ல என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மீள முடியாதபடி முறிந்த மணத்தைத் தன் சிறப்பு அதிகாரத்தால் கலைக்க முடியும் என்று 2023இல் அதன் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நீதிமன்றமே ஏற்ற உண்மையைக் குடும்பங்களும் காவல் நிலையங்களும் ஏற்க வேண்டும்.

அடி இருக்கும் இடத்தில் சமரசம் இல்லை

ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்றவர்களின் முறைகள் இருவரும் அச்சமின்றிப் பேச முடியும் என்ற நிலையில் மட்டுமே பொருந்துபவை. அடிவாங்கும் பெண்ணை அடிப்பவனின் பக்கத்தில் உட்காரவைத்து ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பது ஆபத்தான செயல். அங்கே அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டுக்குப் போனபின் விலை கொடுக்க நேரிடும். அதனால்தான் தனித்தனிச் சந்திப்பில் வன்முறையைப் பற்றி நேரடியாகக் கேட்பது கவுன்சிலரின் தவிர்க்கக் கூடாத கடமை. வன்முறை உண்டென்றால் அவளுடைய பாதுகாப்பு, தனிநபர் ஆலோசனை, சட்ட உதவி ஆகியவையே முதலில் வர வேண்டும்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. நீதித்துறை நடுவரின் உத்தரவுப்படி நடக்கும் ஆலோசனையில், வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே நோக்கமாக இருக்க வேண்டும். தான் செய்த வன்முறைக்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க இடம் தரக் கூடாது என்கின்றன அவை. தமிழ்நாட்டில் 1992 முதல் இயங்கும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் ‘பேசி அனுப்பிவைப்பது’ புகாருக்கு முடிவாகக் கொள்ளப்படும்போதெல்லாம் இந்த விதியின் உயிர் போய்விடுகிறது. காவல் நிலையத்தில் நடக்கும் ஆலோசனையைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

தனியாக வருபவரும் ரகசியமும்

‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கேட்டு ஒருவர் வர மறுப்பது வழக்கம். அப்போது மற்றவர் தனியாக வருவதில் பயன் உண்டா? நிச்சயமாக உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் தாம்பத்தியச் சண்டையின் வேடத்தில் வெளிப்படுவது சாதாரணம். குழந்தைப் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை ‘திமிர்’ என்று தவறாகப் புரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. தனிநபர் ஆலோசனையில் அது அடையாளம் காணப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம். ஒருவர் தன் எல்லைகளைத் தெளிவாக வகுத்துக்கொண்டாலே வீட்டின் உரையாடல் மாறத் தொடங்கும்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நம் நாட்டுக்குப் புதியதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களையும் வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையமும் குடும்பத்தினரை உடன் தங்கவைக்கும் முறையை வளர்த்தெடுத்தது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டிடிகே மருத்துவமனை, குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கும் தனியாக ஆலோசனை வழங்கிவருகிறது. இந்த அனுபவம் நம் கையில் இருக்கிறது.

தம்பதியர் ஆலோசனையில் ரகசியம் சிக்கலானது. தனிச் சந்திப்பில் கணவன் வேறோர் உறவைப் பற்றிச் சொல்லி, ‘அவளிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்றால் கவுன்சிலர் என்ன செய்வார்? இதற்கான விதியை முதல் நாளே எழுத்தில் தந்து இருவரின் ஒப்புதலையும் பெறுவதுதான் முறை. இருவருக்குமான ஆலோசகரே ஒருவருக்கு மட்டும் தனிச் சிகிச்சையும் அளித்துக்கொண்டிருந்தால் நடுநிலை குலையும். அந்தப் பணிக்கு வேறொருவரைப் பரிந்துரைப்பதே நேர்மை. வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் பதிவுசெய்த உரையாடலைத் திருமண வழக்குகளில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இந்நிலையில், செஷனில் யாரும் எதையும் பதிவுசெய்யக் கூடாது என்ற உடன்பாடும் அவசியமாகிறது. வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உள்ள அளவுக்கான சட்டக் காப்பு கவுன்சிலரிடம் சொன்னதற்கு இல்லை. சட்டம் இயற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யாருடைய பலகையை நம்புவது?

மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரை மனநலப் பணியாளர்களாக வரையறுக்கிறது. ‘கவுன்சிலர்’ இந்தப் பட்டியலில் இல்லை. முதுநிலை உளவியல் படித்து, மூத்தவரின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் பயின்ற ஆலோசகரும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரிப் பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. 2021இல் வந்த தேசிய துணை மருத்துவ, சுகாதாரப் பணியாளர்கள் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழிசெய்கிறது. மாநிலப் பதிவேடு, நடத்தை விதிகள், புகார் விசாரணை ஆகிய மூன்றும் முழுமையாக நடைமுறைக்கு வந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அர்த்தம்.

அதுவரை உதவி தேடுபவர்கள் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும். எங்கே படித்தீர்கள், தம்பதியர் சிகிச்சையில் பயிற்சி உண்டா, யாருடைய மேற்பார்வையில் பணிசெய்கிறீர்கள், குறிப்புகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல ஆலோசகர் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். ஜாதகம் பார்த்துப் பரிகாரம் சொல்பவரும், முதல் நாளே ‘விவாகரத்து செய்துவிடுங்கள்’ என்பவரும், மதத்தையோ சாதியையோ காட்டி அறிவுரை சொல்பவரும் இந்தத் தொழிலுக்கு உரியவர்கள் அல்ல.

பணம் தடையாகக் கூடாது

தனியார் ஆலோசனையில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ஆவது சாதாரணம். பத்துப் பன்னிரண்டு அமர்வுகளுக்குக் கூலித் தொழிலாளியின் குடும்பம் எங்கே போகும்? உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், மருத்துவமனையில் சேராமல் பெறும் ஆலோசனைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இடமில்லை. தாம்பத்தியச் சிக்கல் நோயும் அல்ல என்பதால் அது இரு வாசல்களிலும் திருப்பி அனுப்பப்படுகிறது. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் எண் 14416 இலவசமாக உதவுகிறது. அவசரத்துக்கு அது அரிய துணை. தொடர் சிகிச்சைக்கு மாவட்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற குடும்ப ஆலோசகர்கள் வேண்டும்.

திருமணத்துக்கு முன்பே பேசும் வழக்கமும் பரவ வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை மணமக்களுக்கு முன்தயாரிப்பு வகுப்பு நடத்துகிறது. மதச் சார்பற்ற முறையில், பணம், வேலை, பெற்றோர் பராமரிப்பு, குழந்தை, சம்மதம் ஆகியவற்றைப் பேசும் இலவச அமர்வுகளைத் திருமணப் பதிவோடு விருப்பத்தின் பேரில் அரசு வழங்கலாம். மண்டபத்துக்கும் நகைக்கும் கடன் வாங்கத் தயங்காத சமூகம், சேர்ந்து வாழப்போகும் இருவர் பேசிப் பழகுவதற்குச் சில மணி நேரம் ஒதுக்கத் தயங்கக் கூடாது.

ஒரு திருமணம் எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதை வைத்து அதன் நலத்தை அளந்துவிட முடியாது. அதற்குள் வாழும் இருவரும் அச்சமின்றி, மதிப்போடு, பேச்சுரிமையோடு இருக்கிறார்களா என்பதே அளவுகோல். ஆலோசகரின் பணியும் அரசின் கொள்கையும் உறவினரின் அக்கறையும் அந்த அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவையாக வேண்டும். அப்போது கவுன்சிலரிடம் செல்வது தோல்வியின் அடையாளமாகத் தெரியாது. சிக்கல் சிறிதாக இருக்கும்போதே தம்பதியர் சேர்ந்து எடுக்கும் பொறுப்பான முடிவாக அது மாறும்.