திரைக்குப் பின்னே நின்ற தமிழ்

நாகைக்குத் தெற்கே, வங்கக் கடலோரத்தில் உள்ள வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் ஆகத்து 29-ஆம் நாள் கொடியேறிச் செப்டம்பர் 8-ஆம் நாள் வரை திருவிழா நடைபெறும். கோயிலிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் தெருவின் இருமருங்கிலும் மெழுகுவத்தி, தென்னங்கன்று, பொரி, பூமாலை, வண்ணப் படங்கள் எனக் கடைகள் நெருங்கி நிற்கும். நூல்கள் விற்கும் கடைகளும் உண்டு. அங்கே வழிபாட்டு நூல்களுக்கும் பாட்டு நூல்களுக்கும் பக்கத்தில், அட்டையில் நடிகையர் சிரிக்கும் நூல்கள் தொங்கும். திரைக்குப் பின்னால் நடந்தவை, திரையுலகின் மறைவுச் செய்திகள், பாட்டுப் பிறந்த கதை என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். தெருமுனையின் ஒலிபெருக்கியில், 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்னை வேளாங்கண்ணி' திரைப்படத்தின் பாட்டு முழங்கிக் கொண்டிருக்கும். நடந்து களைத்து வந்த உழவர் குடும்பம் ஒன்று அப்பாட்டைக் கேட்டபடியே அந்நூல்களுள் ஒன்றை விலைக்கு வாங்கிச் செல்லும்.

வாங்கிச் சென்றவர்க்கு அந்நூலில் கிடைப்பது என்ன? அதே திரைப்படத்தை எடுத்துக் கொள்வோம். செமினி கணேசனும் பத்துமினியும் செயலலிதாவும் நடித்தனர். நடன ஆசான் தங்கப்பன் இயக்கினார். மலையாள நாட்டு இசையமைப்பாளர் தேவராசன் இசையமைத்தார். இவ்வளவும் படத்தின் விளம்பரத் தாளிலேயே உண்டு. இவற்றுக்கு மேல் இத்தகைய நூல்கள் சேர்ப்பவை, யார் யாரோடு பேசவில்லை, யார் படப்பிடிப்புக்குக் காலந்தாழ்த்தி வந்தார், பிற்காலத்தில் யார் எந்தப் பதவியில் அமர்ந்தார் என்பவையே. தமிழை நாச்சுவையறியக் கற்றிராத ஓர் இசையமைப்பாளரின் மெட்டுக்குத் தமிழ்ப் பாவலர் எப்படிச் சொல்லைப் பொருத்தினார்? எந்தக் காட்சி கடற்கரை மணலில் எடுக்கப்பட்டது, எது சென்னைப் படப்பிடிப்பு அரங்கில் கட்டப்பட்டது? கட்டிய தச்சர் எவர், பாடற்குழுவில் நின்று குரல் கொடுத்தவர் எத்தனை பேர், அவர்க்குக் கொடுத்த கூலி எவ்வளவு? நூலின் பெயர் மட்டும் 'திரைக்குப் பின்னால்'. உள்ளே இருப்பதெல்லாம் திரைக்கு முன்னால் நின்றவர்களின் முகப்பூச்சே.

பாட்டுப் பிறந்த கதைகள் இன்னும் கெடுதலானவை. பாவலர் சினங்கொண்டிருந்தாராம், உடனே ஒரு வரி வந்ததாம். இசையமைப்பாளரோடு பூசலாம், அதையே பாட்டாக்கிவிட்டாராம். ஒரே பாட்டுக்கு மூன்று நூல்களில் மூன்று பிறப்புக் கதைகள் இருப்பதைப் படிப்போர் பலமுறை கண்டிருப்பர். பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் 1930-இல் பிறந்து 1959-இல் இருபத்தொன்பது அகவையிலேயே மறைந்த கலியாணசுந்தரத்தைச் சுற்றியும் இப்படிக் கதைகள் வளர்ந்துவிட்டன. அவர் பார்த்த தொழில்களை அடுக்கிக் காட்டி வியக்கின்றனர். உழவர் வாய்ப்பேச்சை அவர் எவ்வாறு யாப்புக்குள் அடக்கினார், பாரதிதாசனாரிடம் இருந்த காலத்தில் எதைக் கற்றார், அடித்துத் திருத்திய படிகளில் எச்சொல்லை நீக்கி எச்சொல்லை வைத்தார் என்பதைத் தேடுவோர் சிலரே. வியப்பு எளிது, திருத்தப்படியைத் தேடிப் படிப்பதற்கு உழைப்பு வேண்டும்.

தமிழ்ப் பேசும்படத்தின் முதல் நாளிலேயே மொழிக்கு நேர்ந்தது என்ன என்று எண்ணிப் பார்த்தால் இக்குறையின் அளவு விளங்கும். 1931-ஆம் ஆண்டு அத்தோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாசு' தமிழின் முதற் பேசும்படம் எனப்படுகின்றது. அதில் தலைவி தமிழில் பேசினாள். தலைவன் தெலுங்கில் மறுமொழி சொன்னான். இந்தியும் இடையே ஒலித்தது. தலைவியாக நடித்தவர் காவிரிக்கரைத் திருவையாற்றில் பிறந்த டி. பி. இராசலட்சுமி. வெள்ளித்திரையில் முதன்முதல் தமிழ் பேசிய பெண்குரல் அவருடையது. பின்னர் 1936-இல் 'மிசு கமலா' என்னும் படத்தைத் தாமே எழுதி, தாமே இயக்கி வெளியிட்டார். தமிழில் படம் இயக்கிய முதற் பெண்ணும் அவரே. 'காளிதாசு' படத்தின் படி ஒன்றுகூட இன்றில்லை. படம் அழிந்தபின் அந்நாளைப் பற்றி நமக்கு எஞ்சக் கூடியது, அருகே இருந்தவர் எழுதிவைத்த நினைவுகள் மட்டுமே. மூன்று மொழி கலந்த அரங்கில் நின்று தமிழ் பேசிய திருவையாற்றுப் பெண்ணிடம், 1964-இல் அவர் மறையும் முன், தாளும் எழுதுகோலுமாகச் சென்று அமர்ந்து அக்கதையை முழுமையாக எழுதி வாங்கியிருக்க வேண்டாவா?

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. எல்லிசு தங்கன் என்னும் அமெரிக்கர் 1935-இல் இந்நாட்டிற்கு வந்து, பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படங்களை இயக்கினார். தமிழ் அவர்க்குத் தெரியாது. உதவியாளர்கள் பொருள் சொல்ல, அவர் படம் பிடித்தார். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' ஆகியவை அவர் இயக்கியவை. பாரதிதாசனாரின் 'எதிர்பாராத முத்த'த்தைத் தழுவிய 'பொன்முடி'யும், வேளாங்கண்ணிக்கு மேற்கே உள்ள திருக்குவளையில் பிறந்த கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி'யும் 1950-இல் அவர் இயக்கத்திலேயே வந்தன. தங்கன் தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக்கி 2001-இல் வெளியிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தம் கடமையை அவர் செய்தார். ஆனால் 1937-இல் 'அம்பிகாபதி'க்கும் 1942-இல் 'கண்ணகி'க்கும் உரையாடல் எழுதி, திரையில் செந்தமிழ் நடையை நிலைநிறுத்திய இளங்கோவன் அச்சொற்களை எப்படித் தேர்ந்தார், நடிகரைக் கொண்டு எப்படி ஒலிக்கச் செய்தார் என்பதைத் தமிழறியாத தங்கனின் நூலில் எவரும் தேட முடியாது. அதைத் தமிழர்தாம் எழுத வேண்டும். கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி' ஆறு பகுதிகளாக விரிந்தது உண்மையே. அதில் அரசியல் ஆறு பங்கென்றால் எழுத்துப் பட்டறையின் உட்புறம் அரைப் பங்கு தேறுமா என்பது ஐயம்.

வேளாங்கண்ணிக்கு அண்மையிலேயே இன்னொரு சான்று உண்டு. 1931-இல் நாகையில் பிறந்து, திருவாரூரின் பெயரையும் தம் கிறித்தவப் பெயரின் பிற்பகுதியையும் இணைத்து ஆரூர்தாசு எனப் பெயர் கொண்டவர், 2022-இல் மறையும் வரை தமிழ்த் திரையின் தலையாய உரையாடல் ஆசிரியருள் ஒருவர். 'பாசமலர்' (1961), 'புதிய பறவை' (1964), 'தெய்வமகன்' (1969) என அவர் எழுதிய படங்கள் நீளும். 1984-இல் வந்த 'விதி' திரைப்படத்தின் வழக்குமன்ற உரையாடல் ஒலிநாடாவாக விற்று, பாட்டுக்கு ஒப்பாகத் தேநீர்க் கடைதோறும் ஒலித்தது. தொடக்கத்தில் அவர் தஞ்சை இராமையாதாசிடம் உதவியாளராக இருந்தவர். தஞ்சையாரோ பள்ளி ஆசிரியராக இருந்து திரைக்கு வந்தவர். 1955-இல் தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே எடுக்கப்பட்ட 'மிசியம்மா'வுக்குத் தமிழ்ப் பாட்டு எழுதியவர். இரு மொழிக்கும் மெட்டு ஒன்றே. அம்மெட்டில் உட்கார மறுக்கும் தமிழ்ச் சொல்லை உட்கார வைப்பதே அவர் வேலை.

இவ்வேலையின் நுட்பத்தை வெளியார் அறியார். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. வாய் திறந்தே நிற்கும். தமிழில் அவன், அவள், மரம், தேர் என மெய்யில் முடியும் சொற்கள் மிகுதி. ஒலி அங்கே அடைபடும். திறந்த வாயில் நீளும் இசைக்கு நிலா, மொழி, வீடு போன்ற சொற்களே இடங்கொடுக்கும். மொழிமாற்றுப் படங்களில் இடர் இன்னும் பெரிது. திரையில் நடிப்பவரின் இதழ் கூடுகின்ற நொடியில் தமிழிலும் பகரமோ மகரமோ வர வேண்டும். வராவிடில் பொய் வெளிப்பட்டுவிடும். எந்த எழுத்து எவ்வுறுப்பில் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்ததை, ஒளிநிழல் அரங்கின் இருட்டறையில், படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி நாள்தோறும் செய்து பார்த்தவர்கள் இவர்கள். தமிழ் ஒலியியலுக்கு இதைவிடச் சிறந்த செய்முறைக் கூடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது? ஆரூர்தாசு முதுமையில் தம் நினைவுகளைத் தொடராகவும் நூலாகவும் எழுதினார், அது நற்பேறு. ஆயினும் இதழ்கள் அவரிடம் மிகுதியாகக் கேட்டது இரு பெருநடிகரைப் பற்றிய கதைகளையே. கேட்டவர்க்கு வேண்டியது அதுவாக இருந்தது. அவரிடம் இருந்ததோ அதைவிடப் பெரிது.

தமிழில் நல்ல நூலே இல்லை என்பது பொருளன்று. பம்மல் சம்பந்தனார் ஆறு பகுதிகளாக எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' மேடைத் தொழிலின் உள்ளும் புறமும் காட்டுவது. டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யில் சிறுவர் நாடகக் குழுவின் சோறும் பிரம்பும் பாடமும் அப்படியே உள்ளன. அறந்தை நாராயணன் 1981-இல் தமிழ்த் திரையின் கதையை எழுதினார். பிலிம் நியூசு ஆனந்தன் ஒரு தனி மாந்தராக வாழ்நாளெல்லாம் திரட்டிய விளம்பரத் தாள்களும் படங்களும் குறிப்புகளும் 2004-இல் பெருநூலாயின. வாமனனின் 'திரை இசை அலைகள்' மறக்கப்பட்ட இசைவாணர்களைத் தேடிச் சென்றது. தியடோர் பாசுகரன் 1981-இலும் 1996-இலும் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றபின், தமிழிலும் எழுத முன்வந்தார். எண்ணி எடுத்தால் இப்படி ஓர் அடுக்குத் தேறும். ஆனால் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவரும் மொழிக்கு இது போதுமா? இப்போது வருபவற்றின் நடையோ சொல்லத் தரமன்று. இயக்குநர், படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, பின்னணிப் பாடகர், உரையாடல் என்று தமிழில் நிலைத்துவிட்ட சொற்களையும் தள்ளிவிட்டு, வரிக்கு நாலு ஆங்கிலச் சொல் தெளித்தால்தான் திரையுலக மணம் வீசும் என்று எண்ணுகின்றனர்.

பிறர் எப்படிச் செய்கின்றனர்? வங்கத்தின் சத்தியசித்து இரே உலகறிந்த இயக்குநர். ஆங்கிலத்திலும் எழுத வல்லவர். எனினும் படப்பிடிப்பில் தமக்கு நேர்ந்தவற்றை 1979-இல் சிறுவர்க்காகத் தம் தாய்மொழியில் நூலாக்கினார். புகைவண்டிக் காட்சியும் புலிக் காட்சியும் எப்படி எடுக்கப்பட்டன என்பதை வங்கச் சிறுவன் வங்க மொழியில் படித்து வளர்ந்தான். இலண்டனில் பீட்டில்சு இசைக்குழுவின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மார்க்கு இலூயிசன், ஒலிப்பதிவு நிலையத்தின் நாட்குறிப்புகளைக் கொண்டு, எந்த நாள், எந்த அறையில், எத்தனையாவது முறை பாடியது நாடாவில் நின்றது என்று 1988-இல் நூல் செய்தார். அதில் புகழ்மொழி குறைவு, கணக்கு மிகுதி. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவு நிலையங்களில் நாற்பது ஐம்பது இசைவாணர் ஒன்றாக அமர்ந்து ஒரே மூச்சில் வாசித்த நாள்களுக்கு அப்படியொரு கணக்கு நூல் வந்தால், அதைப் படிக்கத் தமிழர் எத்தனை பேர் காத்திருப்பர்!

தனித்தமிழ் அன்பருள் சிலர், இந்தக் கூத்தாட்டுச் செய்தி நமக்கெதற்கு, திரைப்படம்தானே தமிழைக் கெடுத்தது என்பர். கெடுத்ததும் உண்டு, மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் 1876-இல் மறைமலையடிகள் பிறந்த நாகையும், 1931-இல் ஆரூர்தாசு பிறந்த நாகையும் ஒன்றே. அடிகள் இளமையில் தமிழ் கற்றது நாகையில் நூற்கடை வைத்திருந்த நாராயணசாமியாரிடம் என்பதை எண்ணினால், கடைத்தெருவில் தொங்கும் நூலை இழிவென்று ஒதுக்கத் தோன்றாது. அடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி அறிஞர் அவையிலேயே நின்றிருந்தால் சிலரோடு முடிந்திருக்கும். நமக்கு ஒவ்வாத கொள்கையுடையவரும், கூலிக்கு எழுதியவரும், எந்த இயக்கத்தையும் சாராதவரும் சேர்ந்துதான் 'நாதா' என்றழைத்த தலைவியை 'அத்தான்' என்றழைக்க வைத்தனர். எவர் வைத்தார், எந்தப் படத்தில், எந்தப் படமுதலாளியின் முணுமுணுப்பை மீறி? அதை அறிவது தமிழ் வரலாற்றில் ஒரு பகுதி.

தொலைக்காட்சியின் நிலை சொல்லவே வேண்டா. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. அதன் தொடக்க நாள்களில் செய்தித் தமிழை வகுத்தவரும் நாடகம் எழுதியவரும் இன்று முதியோர். நெடுந்தொடர்களுக்கு நாள்தோறும் பக்கம் பக்கமாக உரையாடல் எழுதித் தள்ளும் இளையோரை எவரும் கேட்பதுமில்லை.

நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களில் நாடகக் குழுவில் வேடங்கட்டியவரும், திரைக்குப் போய்த் திரும்பியவரும், ஊர்த் திரையரங்கில் படம் ஓட்டியவரும் இன்னும் இருக்கின்றனர். அவர் வீட்டுப் பரணில் கைப்படிகளும், நாலணாப் பாட்டு நூல்களும், ஒலிநாடாக்களும் பழந்துணியில் சுற்றிக் கிடக்கின்றன. காவிரிப் படுகையின் ஈரக்காற்றும் கறையானும் காத்திருப்பதில்லை. ஊருக்கு இருவர், ஒரு குறிப்பேடும் ஒரு பதிவுக் கருவியுமாக, அறுவடை முடிந்த தைத் திங்களில் புறப்பட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த நடிகரைப் பார்த்தீர்கள் என்பதன்று. ஐயா, உங்கள் கையால் என்ன வேலை செய்தீர்கள் என்பது.