குளத்தில் கரையும் எரு

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் ஆட்டுக் கிடை போடுவார்கள். ராமநாதபுரம் சீமையில் இருந்தும் மந்தை மந்தையாக ஆடுகள் வரும். பகலில் மேய்ச்சல். இரவில் வயலில் படுக்கை. மறுநாள் கிடை அடுத்த இடத்துக்கு மாறும். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுவதும் சீராக விழும். பிறகு உழுது விடுவார்கள். இதற்காக வயல்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுக்கிறார்.

ஆட்டுப் புழுக்கைக்கு இவ்வளவு மதிப்பு! சொந்த மாட்டின் சாணம் எங்கே போகிறது?

பல ஊர்களில் குப்பைமேடு குளத்தங்கரையில் இருக்கிறது; அல்லது வாய்க்கால் ஓரத்தில். வெயில் காலத்தில் தொல்லை தெரியாது. ஐப்பசி பிறந்தால் தெரியும் சேதி. கடலூர் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. நாள் கணக்கில் கொட்டும் மழை, எருவைக் கரைத்துக் குளத்தில் சேர்க்கிறது. பயிருக்கு உரமானது பாசிக்கும் உரம்தானே! தண்ணீர் பச்சையாகிறது. பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன.

இது ஊரோடு நிற்கிற விஷயமும் அல்ல. வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் சென்னைக்கும் குடிநீராகப் போகிறது.

காய்ச்சினாலும் போகாது

கிணறும் தப்பாது. எருவின் சாரம் மண்ணில் நைட்ரேட் என்ற உப்பாக மாறுகிறது. கடலோர மணலில் அது வேகமாக இறங்கிவிடும். ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அளவு மிஞ்சிய தண்ணீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. உடல் நீலம் பாரிக்கும்.

'தண்ணீரைக் காய்ச்சித்தானே கொடுத்தோம்' என்று தாய் நினைப்பாள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் கடுமை கூடத்தான் செய்யும்.

இடம் வேண்டும்

மாடு வளர்ப்பவரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. ஒரு குடிசை, இரண்டு மாடு. எருக்குழி தோண்ட அவருக்கு இடம் ஏது? குளத்துக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், மேடான புறம்போக்கில் ஊராட்சிதான் இடம் ஒதுக்க வேண்டும். குழியைச் சுற்றி வரப்பு. மேலே கீற்றுக் கூரை. அடியில் இடித்துக் கெட்டித்த களிமண். மழைத்தண்ணீர் உள்ளே போகாது. சாரமும் வெளியே ஓடாது. கொட்டில் தரையில் காய்ந்த மண்ணைப் பரப்பி, மூத்திரத்தில் ஊறியதும் வாரிக் குழியில் போட்டால் அந்த உரமும் வயலுக்குக் கிடைக்கும்.

இந்த வேலைக்கு ஏற்றது ஆடி, ஆவணி. ஐப்பசியில் மண்வெட்டியை எடுத்தால் குழியில் தண்ணீர்தான் நிற்கும்.