நாற்பதைக் கடந்தோருக்குக் கதவு எங்கே?



புதுச்சேரியில் கடலூர்ச் சாலை வழியே சென்றவர்கள் ஏ.எஃப்.டி. ஆலையின் நெடிய மதிலைக் கண்டிருப்பீர்கள். பெரியோர் அதனை இன்றும் ரோடியர் மில் என்றே அழைப்பர். 1898இல் தோன்றிய அவ்வாலையைப் புதுவை அரசு 1986இல் ஏற்று நடத்தியது. 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல் அதனைச் சிதைத்தது. பின்னர் தொழிலாளர்கள் லே-ஆஃப் என்ற பெயரில் அரை ஊதியத்துடன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2020 ஏப்ரல் 30ஆம் நாள் ஆலை அடியோடு மூடப்பட்டது.

இந்நகரத் தொழிலாளர்களின் வரலாறு எளியதன்று. 1936 ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் உயிர் நீத்தனர். அதன் பயனாகவே, வ. சுப்பையா போன்றோரின் தலைமையில், மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை உரிமை பிரெஞ்சிந்தியாவில் கிடைத்தது. உழைக்கும் நேரத்திற்கு வரம்பு கண்ட அந்த ஊரில், உழைக்க விரும்பும் மூத்தவருக்கு இன்று வேலை தருவோர் யார்?

நாற்பத்தைந்து வயதில் தறியை விட்டு வெளியேறிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். மகளின் திருமணம் நடந்திருக்காது. மகனின் படிப்பு முடிந்திருக்காது. கடைகளில் கேட்டால், “இளைஞர்கள்தாம் தேவை” என்பர். அரசின் கதவைத் தட்டினால் அங்கும் வயதே குறுக்கே நிற்கிறது. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2019இல் வந்த ஓய்வூதியத் திட்டத்திலும் நாற்பது வயது வரையே சேர முடியும். மூத்தோருக்கு மறுவேலை தேடித் தர 2021 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேக்ரட் என்னும் இணையப் பதிவோ அறுபது வயது நிறைந்தோருக்கு உரியது. கிராமப்புற வேலை உறுதித் திட்டமோ நகரத்தாருக்கு இல்லை. ஒரு கதவு நாற்பதில் அடைபடுகிறது. மறு கதவு அறுபதில்தான் திறக்கிறது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளைக் குடும்பம் எங்ஙனம் கடக்கும்?

எனினும் உள்ள உரிமைகளையேனும் அறியாமையால் இழந்துவிடலாகாது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் பத்து ஆண்டுகள் பணிக்காலம் நிறைந்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அவர் விரும்பினால் 50 வயது முதற்கொண்டே பெறலாம். முன்கூட்டிப் பெறும் ஒவ்வோர் ஆண்டிற்கும் நான்கு விழுக்காடு குறையும். பத்து ஆண்டுகள் நிறையாதவர் ஓய்வூதியப் பங்கை அவசரப்பட்டு எடுத்துவிடாமல், திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொண்டால், அடுத்து வேலை பார்க்கும் இடத்தின் ஆண்டுகள் அதனுடன் சேரும். புதுவையில் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 55 வயதிலேயே தொடங்குகிறது என்பதும் பலர் அறியாத செய்தி. ஆலை மூடப்பட்டோர் பணிக்கொடைக் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சகோதரிகளே, இந்தத் தாள்களைப் பீரோவின் அடியில் போடாமல், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்களும் அறிந்திருங்கள்.

அரசு இதற்கு மேலும் செய்யக்கூடும். நம் சொந்தபந்தங்கள் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கு 2022 ஜூலை முதல் ஓய்வு வயது 63 எனவும், தகுதியுள்ளோருக்கு 68 வயது வரை மறுபணி அளிக்க முதலாளி முன்வர வேண்டும் எனவும் சட்டம் நிர்ணயித்தது. 2026 ஜூலையிலிருந்து இவற்றை 64, 69 என உயர்த்தவும் அந்நாடு முடிவு செய்தது. மூத்தோரை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு ஊதியத்தில் ஒரு பங்கை அரசே ஈடு செய்கிறது. வேலை கொடு என்று சொல்வதோடு நில்லாமல், கொடுப்பவரின் சுமையிலும் பங்கு கொள்கிறது. புதுவை போன்ற சிறிய ஆட்சிப் பகுதியில் நாற்பது வயதைக் கடந்து வேலை இழந்தோருக்காக இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்குவது இயலாத செயலன்று. வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தெருவில் கையேந்தி நின்ற யூத முதியவர் ஒருவரைக் கண்ட நிகழ்ச்சியை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிந்துள்ளார்கள். இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கருதிய கலீஃபா, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவ ஆணையிட்டார்கள். உழைத்தவருக்கு அரசு கடன்பட்டுள்ளது என்பதை அன்றே அவர்கள் ஏற்றார்கள்.

ஆயின் அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் ஓய்ந்திருக்கலாமா? முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் வாழும் நம்மவரில் கடை வைத்திருப்போர் எத்தனையோ பேர். “35 வயதுக்கு உட்பட்டவர் தேவை” என்று பலகை மாட்டும் கை நம்முடையதாகவும் இருக்கலாம். கணக்கெழுதவும், சரக்கைச் சரிபார்க்கவும், கல்லாவில் நம்பி அமர்த்தவும் ஐம்பது வயதுக்காரர் எவ்வகையில் குறைந்தவர்? ஜமாஅத்துகளும் மஹல்லாவில் வேலை இழந்த மூத்தோரின் பெயர்களையும் அவர் அறிந்த தொழிலையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். தையல் எந்திரமோ தள்ளுவண்டியோ வாங்க, வட்டியில்லா அழகிய கடன் கொடுக்கலாம். ரமலானில் ஒரு முறை தரும் அரிசிப் பையைவிட, அந்த வீட்டாருக்கு அது பல மடங்கு பயன் தரும்.

அடுத்த முறை உங்கள் கடைக்கு வேலை கேட்டு ஒருவர் வந்தால், அவர் வயதைக் கேட்கும் முன்பு அவருக்கு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தை விசாலமாக்குவானாக, ஆமீன்.