மூலப் படத்தின்மேற் கைவைக்காதீர்

சென்ற கிழமை பாடம் முடிந்து வெளியே வந்தபொழுது மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "சேர், அம்மம்மாவின்ரை படம் ஒண்டு இருக்குது. முப்பத்தோராம் நாளுக்குப் பெரிசாக்கிப் பிறேம் போட வேணும். கடையிலை ஏலாது எண்டிட்டினம். நீங்கள் கொம்பியூட்டரிலை ஏதும் செய்யலாமோ?" என்று கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். கைத்தொலைபேசியின் சிறு திரையில் அழகாகத் தோன்றிய அப்படம், கணினியில் விரிந்ததும் கட்டங்கட்டமாக உடைந்தது. யாரோ வெட்டி, யாருக்கோ அனுப்பி, ஏழெட்டுக் கைமாறி வந்த படம் அது. "பிள்ளை, இது பிரதியின்ரை பிரதி. முதல் எடுத்த படம் ஆரிட்டை இருக்குது?" என்றேன். அவள் மறுமொழியின்றி விழித்தாள்.

அவ்விழிப்பு எனக்குப் புதிதன்று. 2011ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, முற்றத்திற் பானையருகே அமர்ந்து இரு கைகளாலும் அரிசியை அள்ளிக்கொண்டிருந்த என் தாயாரைச் சிறு கமரா ஒன்றினாற் படம் பிடித்தேன். அவ்வாண்டு ஆவணியில் அவர் காலமானார். நினைவு மலருக்கு முகம் மாத்திரம் போதுமென்றார்கள். இரவோடிரவாக அப்படத்தைக் கணினியிலே திறந்து, முகத்தை வெட்டியெடுத்து, கடவுச்சீட்டுப் பட அளவாகச் சுருக்கிச் 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தினேன். மலர் நன்றாகவே அச்சாயிற்று. சில மாதங்களின் பின் முழுப்படத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கமராவின் நினைவக அட்டையையும் அதற்குள் வேறு தேவைக்காக அழித்துவிட்டிருந்தேன். 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்டிருந்த படம், 413க்கு 531 ஆகச் சுருங்கிவிட்டது. பானையும் அரிசியும் அம்மாவின் கைகளும் போய்விட்டன. பழி எவர்மீதும் இல்லை, செய்தவன் நானே.

இத்தவறு பழைய நாளில் நேர்ந்திராது. அன்று நெகற்றிவ் என்று ஒன்று இருந்தது. அச்சிட்ட படத்தை எப்படி வெட்டினாலும், எங்கே தொலைத்தாலும், நெகற்றிவ் வேறாக இருந்தது. இன்றோ கமரா எழுதிவைக்கும் கோப்பே நெகற்றிவ். அதுவே நாம் வெட்டி ஒட்டும் பிரதியும் ஆகும். ஆதலால், டிஜிட்டற் படம் பயில்வோர்க்கு முதற் பாடமும் முடிந்த பாடமும் ஒன்றே: மூலத்தைத் தொடாதீர், பிரதி ஒன்றை எடுத்து அதன்மேல் வேலை செய்யுங்கள். பிரதிக்கு வேறு பெயரும் இடுங்கள். இதற்குச் செல்வது அரை நிமிடமே.

இதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. நம் கமராக்கள் பெரும்பாலும் ஜேபெக் என்னும் முறையிலே படத்தைச் சேமிக்கின்றன. 1992இல் வெளியான இம்முறை, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்விபரங்களைக் கழித்துவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகின்றது. திறந்து பார்த்தலாலோ பிரதி செய்தலாலோ கேடில்லை. ஆனால், திருத்தித் திருத்தி மறுபடியும் சேமிக்குந்தோறும் சிறிது சிறிதாக விபரம் குறையும்.

நிற்க. நல்ல படத்துக்கு முதற் காரணம் மென்பொருளன்று, ஒளியே. நம் நாட்டு உச்சிவெயிலிலே முற்றத்தில் ஒருவரை நிறுத்தினால், கண்குழியிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். அவரை விறாந்தைக்கு அழைத்து, வெளிமுற்றத்தைப் பார்க்க இருத்துங்கள். ஒளி மெதுவாக முகத்திற் படியும். காலையும் பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னும் மிக நன்று. யன்னலை முதுகுப்புறமாக வைத்து எடுத்தால் முகம் கறுத்துவிடும். வேறு வழியில்லையாயின், கைத்தொலைபேசித் திரையில் முகத்தை விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். எடுக்குமுன் வில்லையைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தலையும் மறவாதீர். மங்கிய படங்களிற் பலவற்றுக்கு விரல் எண்ணெயே காரணம்.

நம்மவர் படங்களில் வெள்ளை வேட்டியும் திருநீறும் அடிக்கடி வரும். டிஜிட்டற் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் வழக்கமாக 0 முதல் 255 வரையுள்ள எண்களாற் குறிக்கப்படும். வேட்டி 255ஐ எட்டிவிட்டால் அதன் மடிப்பும் கரையும் வெறும் வெள்ளையாகிவிடும். பின்னர் எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்டல் இயலாது. சற்று இருண்ட பகுதியை ஓரளவு தெளிவாக்கலாம். ஆகவே, வெள்ளையுடை உள்ளபோது ஒளியளவைச் சிறிது குறைத்தே எடுங்கள். தூரத்திலுள்ளாரைத் திரையில் இரு விரலால் விரித்துப் பெருப்பிப்பதிலும், இரண்டடி முன்னே நடப்பது மேல். ஓர் அளவுக்கு மேற் பெருப்பித்தல் என்பது படத்தை வெட்டுதலே.

இனித் திருத்தம். 1990இல் வெளிவந்த அடோபி நிறுவனத்தின் போட்டோஷொப் பெயர்பெற்றது. ஆயின் விலை கொடுத்தே பெறவேண்டும். 1996இல் முதன்முதல் வெளிவந்த ஜிம்ப் இலவசமானது; மாணவர்க்கும் வீட்டார்க்கும் அதுவே போதுமானது. எதை எடுத்தாலும் வேலையின் ஒழுங்கு ஒன்றே. முதலிற் பிரதி எடுத்தல், அடுத்துச் சாய்வை நிமிர்த்தி வேண்டாத ஓரங்களை வெட்டுதல், பின்னர் ஒளியையும் இருளையும் சீர்செய்தல், அதன்பின் நிறம். மின்குமிழின் கீழ் எடுத்த படம் மஞ்சளித்திருந்தால், வேட்டி வெள்ளையாகத் தெரியுமட்டும் நிறத்தைச் சரிசெய்யலாம். கீறல், தூசி என்பவற்றை நீக்கியபின், கூர்மையாக்குதலைக் கடைசியிற் சிறிதளவே செய்க. ஜிம்ப்பில் 'சேமி' என்றால் அதற்கே உரிய கோப்பாகச் சேமிக்கும். அச்சுக்கு வேண்டிய ஜேபெக் கோப்பை 'ஏற்றுமதி' என்னும் கட்டளையாற் புதுப்பெயரிற் பெறுங்கள்.

அச்சிடுவோர் அளவையும் அறிந்திருத்தல் வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அச்சுக்குரிய கணக்கு. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு 1800க்கு 1200 புள்ளி. பன்னிரண்டுக்கு எட்டு அங்குலத்துக்கு 3600க்கு 2400. வட்ஸ்அப்பிற் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே செல்லும். அச்சிட வேண்டிய படமாயின், அதனைப் படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்னும் வகையில் அனுப்பினால் கோப்பு முழுதாகச் சேரும்.

செய்யத்தகாதனவும் உள. மாநிற முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பதைச் சிலர் அழகென்று கருதுகின்றனர். அப்பாவின் நிறமல்லாத நிறத்தோடு அப்பாவின் படம் எதற்கு? இப்பொழுது செயற்கை நுண்ணறிவினால் மங்கிய பழம்படத்தை நொடியிலே தெளிவாக்கும் கருவிகளும் வந்துள்ளன. அவை அழிந்துபோன கண்ணையும் வாயையும் மீட்பதில்லை. கற்ற வேறு முகங்களைக்கொண்டு ஊகித்து வரைகின்றன. விளைவு அழகிய முகமாக இருக்கலாம். நம் பாட்டியின் முகமாக இராமலும் போகலாம். விரும்பினாற் செய்துபாருங்கள், ஆனால் மங்கிய அம்மூலத்தை வீசிவிடாதீர்கள்.

இறுதியாகப் பாதுகாப்பு. மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது அறிந்தோர் கூறும் விதி. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் அல்பங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! அவர்களுட் சிலர்க்குப் பின்னாளிற் கிடைத்த படங்கள், கொழும்பிலோ கடல் கடந்தோ இருந்த உறவினர்க்கு முன்னர்த் தபாலில் அனுப்பியவையே. விதியை அறியாமலே அன்பினாற் செய்த காப்பு அது.

மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். அப்படத்தை எடுத்தவர் கனடாவிலுள்ள அவளுடைய மாமா. அவர் பழைய கணினியைத் தேடி மூலக் கோப்பை அனுப்பிவைத்தார். முழுப்படத்திலே அம்மம்மா விறாந்தையிலிருந்து பூத் தொடுக்கின்றார். அருகே ஏழெட்டு வயதுச் சிறுமி நூலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றாள். முகம் மட்டும் போதுமென்று யாரோ வெட்டியபோது வெட்டுப்பட்டவள் இவளே. படத்தைப் பெரிதாக்கிப் பிறேம் இட்டாயிற்று. "முழுசாய்த்தான் வைக்கப்போறம், சேர்" என்றாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மூலம் எங்கேயுள்ளதென்று அறியாத படமொன்று இருக்கலாம். எடுத்தவரை இன்றே கேளுங்கள். கடதாசியிலுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கெடாமற் பிரதிசெய்யும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.