வானக் காவல் எவர் கடன்?

2023 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹோப்வெல் பகுதியிலுள்ள வீடொன்றின் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு கல் படுக்கையறைக்குள் விழுந்தது. அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. வீட்டிலிருந்தோர் எவருக்கும் காயமில்லை. நியூ ஜேர்சிக் கல்லூரியின் அறிஞர்கள் அதனைச் சோதித்து, அது விண்ணிலிருந்து வந்த கல்லே என்றும், அதன் வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்றும் அறிவித்தனர். அதே ஆண்டு பெப்ரவரி 15 அன்று, ரெக்சாஸின் தென்கோடியில் மக்கலன் நகரை அண்டிய வானில் ஒரு விண்கல் வெடித்துச் சிதறியது. அதற்கும் முன்னர், 2012 ஒக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் வானில் பெருந்தீப்பந்தொன்று தோன்றி மறைந்தது; அதன் துண்டொன்று நொவாற்றோ நகரில் ஒரு வீட்டின் கூரையில் பட்டு விழுந்தது. எமது குடும்பங்கள் வாழும் மூன்று இடங்களையும் விண்கற்கள் விட்டுவைக்கவில்லை.

இவையெல்லாம் சிறு கற்கள். பெரியவையும் உண்டு. 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல் ஏறத்தாழ 20 மீற்றர் குறுக்களவு கொண்டது. பேரொளியைக் கண்டு யன்னலோரம் ஓடிவந்தோர் மீது, சற்றுத் தாமதித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கி வீசியது. 1,500 பேர் வரையில் காயமுற்றனர். சூரியன் இருந்த திசையிலிருந்து அது வந்தமையால், எந்தத் தொலைநோக்கியும் அதனை முன்கூட்டிக் காணவில்லை. 1908 யூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காப் பகுதியில் நிகழ்ந்த வெடிப்போ 2,000 சதுர கிலோமீற்றர் காட்டைச் சாய்த்தது.

வானத்தைப் பார்த்து அஞ்சுதல் எமக்குப் புதியதன்று. பொம்மரின் இரைச்சல் கேட்டவுடன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிய தலைமுறை எமது தலைமுறை. அந்நாட்களில் குழி வெட்டித் தந்தவர் அயலவர். குரல் கொடுத்து எச்சரித்தவரும் அயலவர். வானிலிருந்து குண்டு போட்டது அரசு. ஆகவே, 'விண்கல்லினின்றும் மக்களைக் காப்பது அரசின் கடனா, தனியாரின் கடனா?' என்று எவரேனும் வினவினால், 'அரசை நம்பாதே' என்பதே எம்மிற் பலரின் வாயில் முதலில் வரும் விடையாகும். அவ்விடை சரிதானா என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

இவ்வினாவின் அண்மைக்கால வரலாறும் அதே மூன்று இடங்களைச் சுற்றியே வருகின்றது. நியூ ஜேர்சியின் பிரின்ஸ்ரனில் உள்ள உயராய்வு நிறுவகத்தின் வானியலாளர் பீற் ஹட், விண்வெளி வீரர் எட் லூ ஆகிய இருவரும் 2001 ஒக்டோபரில், ரெக்சாஸின் ஹூஸ்ரனிலுள்ள நாசாவின் ஜோன்சன் விண்வெளி நிலையத்தில் ஒருநாட் கருத்தரங்கைக் கூட்டினர். பூமியை நோக்கி வரும் சிறுகோளை எவ்வாறு விலக்கலாம் என்பதே பொருள். அடுத்த ஆண்டு, அப்பலோ 9 பயணத்திற் சென்ற ரஸ்ரி ஷ்வைக்கார்ட், கோள் ஆய்வாளர் கிளார்க் சப்மன் ஆகியோரும் சேர, 'பி612' என்னும் அறக்கட்டளை உருவாயிற்று. 'குட்டி இளவரசன்' என்ற பிரெஞ்சுக் கதையில் வரும் சிறுகோளின் பெயரே அது. பின்னர் அதன் பணிமனை வளைகுடாப் பகுதியின் மில் வலி நகரில் அமைந்தது.

2012 யூனில் இவ்வறக்கட்டளை ஒரு துணிகரமான திட்டத்தை அறிவித்தது. 'சென்ரினல்' என்ற தொலைநோக்கியை வெள்ளிக் கோளின் பாதையை ஒத்த பாதையில் நிறுத்தி, சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பூமியின் திசையை நோக்கச் செய்வது. பகலொளியில் மறைந்து வரும் கற்களையும் அதனாற் கண்டுபிடிப்பது. இதற்குரிய செலவு ஏறத்தாழ 450 மில்லியன் டொலர். அத்தொகை முழுவதையும் நன்கொடையாகத் திரட்டுவதே எண்ணம். கோயிற் திருப்பணிக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வீடு வீடாகச் சென்று நிதி சேர்த்துப் பழகிய எமக்கு அம்முயற்சியின் பெருமையும் விளங்கும், அதன் துயரமும் விளங்கும். பணம் வேண்டிய அளவில் வந்து சேரவில்லை. 2015 இல் நாசா அத்திட்டத்துடனான ஒத்துழைப்பு உடன்படிக்கையை முடித்துக்கொண்டது. பின்னர் திட்டமே கைவிடப்பட்டது.

வள்ளல்கள் இல்லாத நாடன்று இது. ஆயினும் மண்டபம் கட்டினால் கல்வெட்டிற் பெயர் வரும். விழாத கல்லுக்காகக் கொடுத்தவரின் பெயரை எங்கே பொறிப்பது? இலாபம் தேடி வந்த கம்பனிகளின் கதை இன்னும் சுருக்கமானது. சிறுகோள்களில் உலோகம் அகழப்போவதாக 2012 இல் பெரும் ஆரவாரத்துடன் தன்னை அறிவித்த 'பிளனற்ரரி றிசோர்சஸ்', எந்தச் சிறுகோளையும் தொடாமலே 2018 இல் வேறொரு கம்பனியின் கைக்கு மாறிற்று. வானக் காவலிலே கொடுத்தவரும் கொடாதவரும் ஒருங்கே காக்கப்படுகின்றனர். ஆகவே அதனை விலைகூறி விற்க முடியாது. விற்கக்கூடியது ஒன்றுதான்: எச்சரிக்கையைப் பணம் கட்டியவனுக்கு மட்டும் முதலிற் சொல்லுதல். அவ்வாறான வணிகம் வருமாயின், அதன் வாடிக்கையாளர் பட்டியலில் எம்போன்றோர் இருக்கமாட்டோம்.

அரசின் பக்கத்திலும் குறைகள் பல. 140 மீற்றருக்கு மேற்பட்ட அண்மைச் சிறுகோள்களில் நூற்றுக்குத் தொண்ணூறை 2020 ஆம் ஆண்டுக்குள் கண்டுபிடிக்கவேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 2005 இல் நாசாவைப் பணித்தது. அந்த ஆண்டு வந்து போயிற்று. கண்டறியப்பட்டவை பாதியளவைக்கூட எட்டவில்லை. சென்ரினல் செய்ய நினைத்த வேலையை ஒத்த வேலைக்காக நாசா அமைக்கும் 'நியோ சேவயர்' தொலைநோக்கியும் நிதிக் குறைப்பினாற் பின்தள்ளப்பட்டு, 2028 யூனுக்குள் ஏவப்படும் என்ற உறுதிமொழியுடன் நிற்கின்றது.

எனினும் 2022 செப்டெம்பர் 26 அன்று நிகழ்ந்ததை மறக்கலாகாது. பூமியிலிருந்து ஏறத்தாழ 11 மில்லியன் கிலோமீற்றர் தொலைவில், நாசாவின் 'டார்ட்' விண்கலம் டைமோபொஸ் என்னும் சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. 11 மணி 55 நிமிடங்களில் தன் தாய்க்கோளைச் சுற்றிவந்த அச்சிறுகோள், மோதலின் பின் 11 மணி 22 நிமிடங்களிற் சுற்றலாயிற்று. மனிதன் ஒரு விண்பொருளின் பாதையை மாற்றியது அதுவே முதற்றடவை. அந்தக் கலத்தைச் சுமந்து சென்றது தனியார் கம்பனியான ஸ்பேஸ்எக்ஸின் பல்கன் 9 றொக்கெட். அதற்கான ஒப்பந்தம் ஏறத்தாழ 69 மில்லியன் டொலர். இங்கே தனியார், கூலி பெற்று ஓடத்தைச் செலுத்தியவர். எங்கே போவது, எதற்காகப் போவது என்பதைத் தீர்மானித்தவர் அல்லர். சிலியிலுள்ள வேரா றூபின் வானாய்வகத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம். சார்ள்ஸ் சிமோனி, பில் கேற்ஸ் ஆகிய இரு செல்வந்தர் 2008 இல் 30 மில்லியன் டொலர் கொடுத்து வேலையைத் தொடக்கிவைத்தனர்; கட்டி முடித்தது அரச நிதி. 2025 யூனில் வெளியான அதன் முதற் படங்களிலேயே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புதிய சிறுகோள்கள் அகப்பட்டன.

இனி, செலவைவிடக் கடினமான ஒரு வினா உண்டு. சிறுகோள் விழக்கூடிய இடத்தைத் தொடக்கத்திற் புள்ளியாகச் சொல்ல இயலாது. பல நாடுகளை ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடாகவே சொல்ல இயலும். அதனை விலக்கத் தள்ளும்போது, விழும் இடம் அக்கோட்டின் வழியே நகரும். முயற்சி பாதியிற் பிழைத்தால், ஒரு நாட்டுக்குரிய கேடு மற்றொரு நாட்டின் தலையில் இறங்கும். எந்தத் திசையிற் தள்ளுவது, எவருடைய ஆபத்தைக் கூட்டி எவருடைய ஆபத்தைக் குறைப்பது என்ற தீர்ப்பை ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபையிடம் விடலாமா? 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை இதற்கு ஒருவகையில் விடை சொல்கின்றது: விண்வெளியிற் தனியார் செய்யும் செயலுக்கும் அவரவர் நாட்டு அரசே பொறுப்பு.

இக்கோடு எம்மை நெருங்கி வந்த சந்தர்ப்பமும் உண்டு. 2024 டிசெம்பர் 27 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கியொன்று '2024 வைஆர்4' என்ற சிறுகோளைக் கண்டது. 2032 டிசெம்பர் 22 இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு, 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் நூற்றுக்கு 3.1 வரை உயர்ந்தது. விழக்கூடிய கோடு பசிபிக் மாகடலின் கீழ்ப்பகுதியிற் தொடங்கி, தென்னமெரிக்காவின் வடபகுதி, ஆபிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. அம்மாத முடிவுக்குள் மேலும் அவதானித்துக் கணித்தபோது, பூமிக்கு ஆபத்தில்லை என்பது தெளிவாயிற்று. இங்கே கவனிக்கவேண்டியது வேறொன்று. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் அமைந்த பன்னாட்டு எச்சரிக்கை வலையமைப்பு, வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியதுமே, 2025 சனவரி 29 அன்று, எல்லோருக்கும் அறிவித்துவிட்டது. எவரிடமும் விலை கேட்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எமக்கு அப்படி ஒரு சொல் வரவில்லை. 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்ததை ஹவாயிலிருந்த பசிபிக் கடற்கோள் எச்சரிக்கை நிலையம் சிறிது நேரத்திலேயே அறிந்தது. ஆனால் இந்து மாகடல் நாடுகளுக்குச் சொல்ல அதற்கு ஓர் ஒழுங்கான வழியிருக்கவில்லை. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மக்கள் அன்று காலை வழமைபோலக் கரையில் நின்றனர். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அறிவு ஓரிடத்தில் இருந்தது. அதனை எமக்குச் சொல்லவேண்டிய கடமை எவரிடமும் இருக்கவில்லை. அழிவின் பின்னர் நிவாரணத்தைப் பகிர்வதற்கு 2005 யூனிற் கைச்சாத்தான பொதுக்கட்டமைப்புக்கூட, யூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையாற் செயலிழந்தது.

இதனை நினைவூட்டுவது, அரசின் மீதான எமது ஐயம் ஆதாரமற்றது அன்று என்பதை ஒப்புக்கொள்வதற்கே. அரசு நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. அரசு கடமை தவறினால் அதனைத் தவறு என்று சொல்வதற்கு ஒரு சட்டமும் ஒரு சபையும் ஒரு தேர்தலும் உண்டு. குறைந்தபட்சம் அவை உண்டு என்று வாதாடவேனும் முடியும். 2005 ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தபடியாற்றான் நாசா பின்தங்கிவிட்டது என்று இன்று எவரும் கணக்குக் கேட்க முடிகின்றது. சென்ரினல் நின்றபோது எவரிடம் கணக்குக் கேட்பது? கொடுத்தவர் நிறுத்தினார், அவ்வளவே. ஈகையைப் போற்றலாம், உரிமையென்று கேட்க இயலாது. காப்பாற்றுவதாகச் சொன்னவர் கைவிட்டபோது கேட்பதற்கு நாதியற்று நின்றவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே எமது கருத்து இதுவாகும். கண்டுபிடிக்கும் கண்ணாகவும் சுமக்கும் தோளாகவும் தனியார் இருக்கட்டும். பொறுப்பு அரசுகளிடம் இருத்தல் வேண்டும். ஓர் அரசிடம் மட்டுமன்றி, ஒன்றையொன்று கண்காணிக்கும் பல அரசுகளிடம் இருத்தல் வேண்டும். எச்சரிக்கையோ எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாதவனுக்கும் உரியதாதல் வேண்டும். இது எமக்கு அப்பாற்பட்ட விடயம் என்று எவரும் ஒதுங்கவேண்டியதில்லை. தஞ்சக் கோரிக்கை முடிவாகாமற் காத்திருப்பவரும், வேலை அனுமதி கிடைத்து உழைக்கத் தொடங்கிய நாள்முதல் வரி செலுத்துகின்றார். அந்த வரியில் ஒரு சிறு துளி இத்தொலைநோக்கிகளுக்கும் போகின்றது. குடியுரிமை பெற்றோர் தமது காங்கிரஸ் உறுப்பினரிடம், நியோ சேவயருக்குரிய நிதி குறையாதிருக்கிறதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

2029 ஏப்ரில் 13 அன்று, 300 மீற்றருக்கு மேற்பட்ட குறுக்களவு கொண்ட அபோபிஸ் என்ற சிறுகோள், பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் தூரத்திற் கடந்து செல்லும். ஐரோப்பாவிலுள்ள எமது உறவினர் அன்றிரவு அதனை வெறுங்கண்ணாற் காணலாம். அது மோதாது என்று பொதுப்பணத்தில் இயங்கும் வானியலாளர்கள் கணித்து, உலகம் முழுவதற்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டனர். பதுங்குகுழிக்குள் வளர்ந்த ஒரு தாய், அன்றிரவு தன் பிள்ளையை முற்றத்துக்கு அழைத்து வந்து, அச்சமின்றி வானத்தைக் காட்டலாம்.